பரிசோதனை இல்லாத ஊரடங்கு

கொரோனா என்னும் தொத்து வியாதி நமது நாட்டுக்குள் புகுந்து ஐந்து வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. 2023 மே 5-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனத்தார் இது இனி உலகத்துக்கு அவசர நிலைமை அல்லவென்று சொல்லியும் விட்டார்கள். ஜனங்களும் மறந்து விட்டார்கள். மறப்பதில் நமது ஜனங்களுக்கு ஈடு சொல்ல எந்தத் தேசத்தாரும் கிடையாது. ஆனால் கடன் கொடுத்தவன் மறந்து போனால் கடன் வாங்கியவனுக்குத்தான் லாபம். அதுபோல ஜனங்கள் இதை மறந்து போவதால் லாபமடைகின்றவர்கள் யார் என்பதைத்தான் நாம் இவ்வாரம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டுமென்கின்றோம்.

சென்ற வாரம் போத்தனூரில் ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாம் பேசிக்கொண்டிருக்கையில், பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர் கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். அவருடைய புருஷன் குறிச்சிப் பக்கத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவர். 2021 மே மாதக் கடைசியில் காய்ச்சல் கண்டது. பரிசோதனைக்குப் போன இடத்தில் "இன்றைக்குக் கூட்டம் அதிகம், நாளன்றைக்கு வாருங்கள்" என்றார்களாம். நாளன்றைக்குப் போய் மாதிரி கொடுக்கு முன்னரே மூச்சு முட்டி ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது. பையில் இருந்தவை இறப்புச் சான்றிதழ் ஒன்றும், ரேஷன் கார்டும், பட்டறைச் சம்பளச் சீட்டும் மாத்திரமே. "ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுக்காரரு கொரோனாவுல சாகலைன்னு சொல்றாங்களே, அப்புறம் வேற எதுலதானுங்க செத்தாரு?" என்று கேட்டார். திண்ணையில் இருந்த நாலு பேரில் ஒருவருக்கும் வாய் திறக்க முடியவில்லை.

இந்த ஒரு கேள்விக்குள் ஊரடங்கின் யோக்கியதை அவ்வளவும் அடங்கியிருக்கின்றது என்பதே நமது அபிப்பிராயம். எப்படியெனில், கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2021 அக்டோபர் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஒப்புக்கொண்டு உத்திரவு போட்டார்கள். யார் கொரோனாவில் இறந்தவர் என்றால், பரிசோதனையிலாவது, ஆஸ்பத்திரியில் வைத்தியர் சோதித்துப் பார்த்ததிலாவது கொரோனா என்று கண்ட நாளிலிருந்து 30 நாளைக்குள் இறந்தவர் என்பதாக விதி. ஆகவே பரிசோதனை கிடைக்காமல், ஆஸ்பத்திரிப் படுக்கையும் கிடைக்காமல் வழியிலே செத்தவன் அந்தக் கணக்கில் சேரமாட்டான். பரிசோதனை செய்ய வேண்டியது யார் பொறுப்பு? சர்க்கார் பொறுப்பு. செய்யாமல் விட்டதனால் நஷ்டமடைவது யார்? அந்த அம்மாள். இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. இந்தியா முழுவதிலும் 2020-ம் வருஷத்தில் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். 2021-ல் பதிவானவை சுமார் 1 கோடியே 2 லட்சம். இது சர்க்கார் தாங்களே 2025 மே மாதத்தில் வெளியிட்ட கணக்கு. ஒரே வருஷத்தில் இருபது லட்சத்துக்கு மேல் அதிகம். ஆனால் அந்த 2021-ம் வருஷத்தில் கொரோனாவால் இறந்ததாக அதே சர்க்கார் சொல்லிய தொகை மூன்றே கால் லட்சத்தைச் சுற்றித்தான். ஜனங்கள் மரணத்தைப் பதிவு செய்து கொள்ளும் வழக்கம் கொஞ்சம் பெருகியிருக்கலாம் என்று தாராளமாகவே தள்ளிக் கொடுத்தாலும், மீதி ஆட்கள் எங்கே போனார்கள்? 2020, 2021 ஆகிய இரண்டு வருஷத்திலும் சேர்த்து இந்தியாவில் 47 லட்சம் உயிர்கள் போயிருக்குமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் மதிப்பிட்டபோது, இந்திய சர்க்கார் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று சண்டைக்குப் போனார்கள். பிறகு தங்கள் கையாலேயே வெளியிட்ட மரணக் கணக்கோடு அவர்கள் யாரிடம் போய்ச் சண்டையிடுவார்கள்?

நிற்க, ஊரடங்கு என்பதை எதற்காகச் செய்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம். வியாதியைக் கொல்லுவதற்கு ஊரடங்கு மருந்தல்ல. மனிதனை மனிதன் கிட்டே போகாமல் சில காலம் தடுத்து வைத்து, அந்த அவகாசத்திற்குள் பரிசோதனைச் சாலைகளையும், படுக்கைகளையும், பிராணவாயுவையும் தயார் செய்து கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து. வீட்டில் தீப்பிடித்தால் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் கொண்டு வருகிறவன் புத்திசாலி. கதவைச் சாத்திவிட்டு வாசலில் நின்று கை தட்டுகிறவனை என்னவென்று சொல்லுவது?

நமது நாட்டில் கை தட்டினார்கள். 2020 மார்ச்சு 22-ந் தேதி சாயந்திரம் தட்டும் தாம்பாளமும் தட்டச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து இரவு 8 மணிக்குப் பேசி, நள்ளிரவு முதல் நூற்று முப்பது கோடி ஜனங்களும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்றார்கள். நாலு மணி நேர நோட்டீஸ். ஒரு குடியானவன் தன் பண்ணையத்தில் ஆள் மாற்றுவதற்குக் கூட இதைவிட அதிக அவகாசம் கொடுப்பான். ஏப்ரல் 5-ந் தேதி இரவு 9 மணிக்கு 9 நிமிஷம் விளக்கேற்றச் சொன்னார்கள். அந்த மார்ச்சு மாத ஆரம்பத்தில் தமிழ்நாட்டுக்குச் சர்க்கார் பரிசோதனைச் சாலை என்று சொல்லிக் கொள்ளக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்தான் இருந்தது. கோயம்புத்தூரான் மூக்கில் எடுத்த மாதிரி வெளியூர் போய்த் திரும்பி வந்து பலன் தெரிய வேண்டும். அதுவும் எல்லோருக்குமல்ல. வெளிநாடு போய் வந்தவனா, அவனோடு பழகியவனா என்று கேட்டு, இல்லையென்றால் பரிசோதனையும் இல்லை. வியாதி பாஸ்போர்ட் பார்த்துத்தான் தொத்துமென்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அந்த மாதக் கடைசியிலேயே அது போத்தனூர் ரயில்வே ஆஸ்பத்திரி வைத்தியரிடமே வந்துவிட்டது. ஏப்ரலில் போத்தனூர் போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கே கண்டு ஸ்டேஷனை மூட வேண்டியதாயிற்று. வைத்தியருக்கும் போலீசுக்கும் முன்னதாகப் பரிசோதனை செய்திருக்க வேண்டுமென்பது கூடத் தோன்றவில்லை.

பிறகு அவசரம் அவசரமாகச் சீனாவிலிருந்து துரிதப் பரிசோதனைப் பெட்டிகள் வாங்கினார்கள். அந்தக் கதை ஒவ்வொரு குடியானவனும் தெரிந்து கொள்ள வேண்டியது. மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சி விட்டெடுத்து, குளிர்ப் பெட்டியில் வைத்து அனுப்பி, சாலையில் கிருமியின் மூலப் பொருளையே பெருக்கிப் பார்ப்பது ஒரு முறை. அதற்கு யந்திரமும், பழகிய ஆளும், பல மணி நேரமும் வேண்டும். இந்தத் துரிதப் பெட்டியோ ஒரு சொட்டு இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் பொருள் உண்டாகியிருக்கிறதா என்று மாத்திரம் பார்ப்பது. அது வியாதி கண்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் சரியாகத் தெரியும். அதற்குள் அவன் ஊரெல்லாம் தொத்த வைத்துவிட்டிருப்பான். போகட்டும், அந்த வேலையையாவது அது சரியாகச் செய்ததா என்றால் அதுவுமில்லை. ஏப்ரல் 27-ந் தேதி, இரண்டு கம்பெனிப் பெட்டிகளை உபயோகிக்க வேண்டாம், திருப்பியனுப்புங்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரே மாகாணங்களுக்கு எழுதினார்கள். இடையில் வியாபாரிகள் தங்களுக்குள் போட்டுக் கொண்ட சண்டை டில்லி ஐக்கோர்ட்டுக்குப் போனதால் ஒரு உண்மை வெளியே வந்தது. இங்கு வந்து சேர்ந்த பெட்டியின் விலை 245 ரூபாய். சர்க்காருக்குக் கட்டிய விலை 600 ரூபாய். 400-க்கு மேல் விற்கக் கூடாதென்று கோர்ட்டார் சொல்ல வேண்டியிருந்தது. ஊரெல்லாம் வேலையில்லாமல் கிடந்த சமயத்தில் இந்த வேலை மாத்திரம் தடையில்லாமல் நடந்திருக்கின்றது.

தமிழ்நாட்டு சர்க்கார் விஷயத்தில் நாம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகின்றோம். இந்தப் பெட்டிகள் பொய்த்த பிறகு அவர்கள் பஞ்சுக் குச்சி முறையையே கெட்டியாகப் பிடித்துக் கொண்டார்கள். 2020 ஆகஸ்டில் தினம் எழுபதினாயிரத்துக்கு மேலும், 2021 மே கடைசியில் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் பரிசோதித்தார்கள். இது மற்ற அநேக மாகாணங்கள் செய்யாத காரியம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் இதிலிருந்தே நாம் வேறொன்று கேட்கின்றோம். 2021-ல் முடிந்தது 2020-ல் முடிந்திருக்காதா? ஏழை நாட்டில் எல்லோருக்கும் பரிசோதனை முடியாது என்று முதலில் சொன்ன பெரிய மனிதர்கள், பின்னால் முடிந்த போது எங்கே போய் ஒளிந்து கொண்டார்கள்? கொரியா தேசத்தார் 2015-ல் மற்றொரு தொத்து வியாதியில் பட்ட அடியை மறக்காமல் இருந்ததால், 2020 ஜனவரியிலேயே கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுப் பரிசோதனைச் சாமான் செய்யச் சொல்லி, காரில் உட்கார்ந்தபடியே மாதிரி கொடுத்துப் போகும்படி செய்தார்கள். அந்த வருஷம் தேசம் முழுவதையும் பூட்டாமலே சமாளித்தார்கள். இங்கிலாந்திலோ ஏப்ரல் கடைசிக்குள் தினம் ஒரு லட்சம் பரிசோதனை என்று மந்திரி வாய் விட்டுவிட்டு, தபாலில் போட்ட பெட்டிகளையும் நடந்த பரிசோதனையாகக் கணக்கில் எழுதி ஒப்பேற்றினார்கள். வெள்ளைக்காரன் செய்தாலும் கணக்குப் புரட்டு கணக்குப் புரட்டுதான்.

இனித் தளர்வு விஷயத்துக்கு வருவோம். ஜனங்களுக்கு உண்டான கோபத்தில் பாதிக்கு மேல் பூட்டியதால் உண்டானதல்ல, திறந்த விதத்தால் உண்டானது. 2020 ஏப்ரல் 24-ந் தேதி அறிக்கை விட்டு, 26 முதல் 29 வரை கோவை, சென்னை, மதுரை மூன்றும் முழுவதும் மூடப்படும் என்றார்கள். இடையில் இருந்தது ஒரே நாள். அந்த 25-ந் தேதி கடைவீதிகளில் ஆளுக்கு மேல் ஆள் விழுந்ததில், நாலு நாளில் தடுக்க நினைத்த வியாதியை நாலு மணி நேரத்தில் பங்கிட்டுக் கொடுத்தாயிற்று. மே 7-ந் தேதி சாராயக் கடையைத் திறந்தார்கள். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் மூடிக் கிடக்கையில் அதற்கு மாத்திரம் என்ன அவசரம் என்றால், கஜானா காலி என்பதே பதில். மறுநாள் ஐக்கோர்ட்டு மூடியது. ஒரு வாரத்தில் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுக்க, 16-ந் தேதி மறுபடியும் திறந்தது. (கோயில்களும் அப்போது மூடித்தான் கிடந்தன. அதற்காக நாம் அழவில்லை.) ஜூன் 1-ந் தேதி கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் ஏழையும் ஒரே மண்டலமாக்கிப் பஸ் விட்டார்கள். அந்த மாதம் முடியுமுன்னே ஜில்லா எல்லையில் மறித்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவன் இ-பாஸுக்கு மனுப் போட்டுத் தரகனைத் தேடி அலைந்தான். ஆகஸ்டு 17 முதல் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் என்றார்கள். செப்டம்பர் 1 முதல் பாஸே வேண்டாமென்றார்கள். கேட்டவனுக்கெல்லாம் கொடுப்பதானால் அதற்குப் பாஸ் என்று பெயர் எதற்கு?

இப்படித் திறந்து மூடியதற்கு அளவுகோல் என்ன? அளவுகோல் ஒன்று இருக்கத்தான் இருந்தது. நூறு பேரைப் பரிசோதித்தால் எத்தனை பேருக்கு வியாதி காண்கிறது என்பதே அது. அது ஐந்துக்குக் கீழே இரண்டு வாரம் தொடர்ந்து நின்றால் கட்டைத் தளர்த்தலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2020 மே மாதத்திலேயே சொன்னார்கள். இது நமது ஜனங்களுக்கு விளங்காத சாஸ்திரமல்ல. சந்தையில் தக்காளிக் கூடை வாங்குகிறவன் மேலே நாலு பழத்தைப் பார்த்துவிட்டுப் போவதில்லை. கையை உள்ளே விட்டுப் பத்துப் பழம் எடுத்துப் பார்க்கிறான். பத்தில் மூன்று அழுகலாயிருந்தால், "கூடையில் மூன்றே அழுகல்" என்று வியாபாரி சொல்லுவதை நம்புவானா? நூறு பேரைப் பார்த்து இருபது பேருக்கு வியாதி கண்ட ஊரும், ஆயிரம் பேரைப் பார்த்து இருபது பேருக்குக் கண்ட ஊரும் பத்திரிகையில் ஒன்று போலவே "இன்று 20 பேர்" என்றுதான் வரும். முன்னதில் வியாதி ஊரெல்லாம் நிறைந்திருக்கின்றது, நாம் பார்க்கவில்லை. பின்னதில் கைக்குள் இருக்கின்றது. முன்னதைத் திறந்து பின்னதை மூடினால் ஜனங்களுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இந்த விகிதத்தை ஊர் ஊராக, வார்டு வார்டாக எழுதிப் பஞ்சாயத்துச் சாவடியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டினார்களா? "உத்திரவு, மீறினால் கேஸ்" என்பதுதான் ஒட்டப்பட்டது. அந்தக் கேஸுக்கு ஆதாரம் 1897-ல் பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்கார சர்க்கார் செய்த சட்டம். பரிசோதனை யந்திரம் இல்லாத காலத்துச் சட்டத்துக்குத் தடியைத் தவிர வேறென்ன தெரியும்?

தடி எப்படித் தெரிந்ததென்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு செல்போன் கடையை நேரம் தவறி மூடியதாகச் சொல்லித் தகப்பனையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போய் அடித்த அடியில் இரண்டு பேரும் செத்தார்கள். நமது கோவையில் 2021 ஏப்ரல் 11-ந் தேதி இரவு, காந்திபுரம் பஸ் நிலையத்துக்கருகே ஒரு சாப்பாட்டுக் கடையில் பசியோடு உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பெண்கள் மீது ஒரு சப்-இன்ஸ்பெக்டர் தடியை வீசினார். அப்போது மணி பத்தரை கூட ஆகவில்லை. கடை திறந்திருக்கச் சர்க்கார் கொடுத்த நேரம் 11 மணி. சர்க்கார் உத்திரவு போலீசுக்கே தெரியாதபோது சோமனூர் நெசவாளிக்குத் தெரியவில்லையென்று அபராதம் போடுவது வெட்கமில்லையா?

2021 மே மாதம் வந்தது. அந்த 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,000 பேருக்கு மேல் வியாதி கண்டது. பரிசோதித்த நூற்றில் இருபதுக்கு மேல். கடைசி வாரத்தில் கோவை ஜில்லா சென்னையையும் தாண்டி முதலில் நின்றது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இடமில்லை, கொடிசியா கண்காட்சிக் கொட்டகையில் கட்டில் போட்டார்கள். மே 30-ந் தேதி முதல் மந்திரியே உடை மாட்டிக் கொண்டு நோயாளிகள் வார்டுக்குள் வந்து பார்த்தார். நல்லதுதான். ஜூன் 7-ல் மற்ற ஜில்லாக்களுக்குக் கட்டுத் தளர்ந்த போது, கொங்கு நாடு முழுவதும் சேர்ந்த 11 ஜில்லாக்களுக்கு மாத்திரம் கட்டு இறுக்கமாகவே நின்று, ஜூலை 5-ல்தான் எல்லோருக்கும் ஒன்றாயிற்று. இங்குள்ள வியாபாரிகளும் பட்டறைக்காரர்களும் எங்களை மாத்திரம் ஏன் வஞ்சிக்கிறீர்கள் என்று குறைப்பட்டார்கள். நாம் அந்தக் குறையில் சேரவில்லை. வியாதி அதிகமான இடத்தில் கட்டும் அதிகமாகத்தான் இருக்க வேண்டும். நமது குறை வேறு. ஏற்றுமதி என்றும் அவசியத் தொழில் என்றும் சீட்டு வாங்கிக் கொண்ட பெரிய ஆலைகளின் கதவு திறந்திருக்க, பத்துக்குப் பத்து அறையில் லேத்து ஓட்டுகிறவன் கதவு மூடியிருந்தது. திறந்த ஆலை வாசலில் ஒவ்வொரு வாரமும் தொழிலாளியைப் பரிசோதித்துத்தான் உள்ளே விட வேண்டும், செலவு முதலாளியுடையது என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? தனியார் பரிசோதனைக்கு 2020 மார்ச்சில் 4,500 ரூபாய், ஜூனில் 3,000, 2021 மேயில் 900 என்று விலை இறங்கிய பின்பும், தினக்கூலிக்காரனுக்கு 900 என்பது ஒன்றரை நாள் இரண்டு நாள் கூலி என்பதை யாராவது நினைத்தார்களா?

அந்த மே மாதத்திலேயே இருகூர்ப் பக்கத்தில் ஒரு மடத்தார் கொரோனா தேவி என்று கருங்கல்லில் சிலை செய்து வைத்து 48 நாள் யாகம் ஆரம்பித்தார்கள். பிளேக்கு வந்தபோது பிளேக் மாரியம்மன் கோயில் கட்டிய கோயம்புத்தூரல்லவா, வழக்கத்தை விடுவார்களா? இதில் வேடிக்கை என்னவென்றால், தொத்து வியாதியிலிருந்து காக்க வந்த தேவியைப் பார்க்க, தொத்து வியாதிக்குப் பயந்து ஜனங்களை உள்ளே விடவில்லை. தேவியின் சக்தியில் பூசாரிக்கே அவ்வளவுதான் நம்பிக்கை. பிளேக் மாரியம்மன் பிளேக்கை ஓட்டவில்லை. எலியையும் தெள்ளுப் பூச்சியையும் கண்டுபிடித்த பின்தான் அது ஓடியது.

நமது ஜனங்கள் பேரிலும் தப்பு உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. மூக்கில் குச்சி விட்டால் ஆபத்தென்று ஓடி ஒளிந்தவர்கள் எத்தனை பேர்! காய்ச்சலை மறைத்துக் கொண்டு கலியாணத்துக்குப் போனவர்கள் எத்தனை பேர்! ஆனால் ஏன் ஓடினார்கள்? வியாதி கண்டவுடன் வாசலில் சீட்டு ஒட்டித் தெருவைத் தகரம் வைத்து அடைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பால் கூட வாங்கித் தரமாட்டான். வீட்டிலிருந்த நாலு பேருக்கும் பதினாலு நாள் கூலி போய்விடும். 2020-ல் கார்டுக்கு ஆயிரம் ரூபாயும், 2021-ல் இரண்டு தவணையாய் நாலாயிரமும் கொடுத்தது உண்மைதான். ஆனால் பரிசோதனையில் வியாதி கண்டு அடைபட்ட வீட்டுக்கென்று, அந்த நாட்களின் கூலியைத் தனியே கொடுத்திருந்தால் ஜனங்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நின்றிருப்பார்கள். சோதனைக்கு வந்தவனைக் குற்றவாளி போல நடத்திவிட்டு, சோதனைக்கு வரவில்லையே என்று பிரசங்கம் செய்வதில் அர்த்தமில்லை.

இவ்வளவும் பழங்கதை, இனி எதற்கு என்று சிலர் கேட்பார்கள். 1918-ல் விஷக்காய்ச்சல் வந்து இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் ஜனங்கள் செத்ததையும் இப்படித்தான் பழங்கதை என்றார்கள். அடுத்தாற்போல் ஒன்று வராது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அன்று ஜில்லா தோறும் வாங்கி வைத்த பரிசோதனை யந்திரங்கள் இன்று ஓடுகின்றனவா, மூடி போட்டு வைக்கப்பட்டிருக்கின்றனவா? ஒப்பந்தத்தில் எடுத்த பரிசோதனை உதவியாளர்கள் வேலையில் இருக்கிறார்களா? மறுபடியும் ஊரடங்கு வந்தால் எந்த விகிதத்தில் மூடுவது, எந்த விகிதத்தில் திறப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்களா? ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடம், எந்தக் கட்சியாராயினும், இதைக் கேளுங்கள் தோழர்களே! குழாய்த் தண்ணீரும் ரோடும் கேட்பது போலவே கேளுங்கள்.

அந்த அம்மாளின் காரியத்தில் நாம் செய்யக் கூடியது கொஞ்சந்தான். மனுப் போடும் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் கஷ்டத்தினால் கெடுவுக்குள் வர முடியாதவர்கள் ஜில்லா தோறும் உள்ள குறை தீர்க்கும் கமிட்டியிடம் போகலாம் என்று 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டார் சொல்லியிருக்கின்றார்கள். மாதிரி எடுக்காமல் திருப்பியனுப்பிய அன்று மருந்துக் கடையில் வாங்கிய சீட்டு, அதற்கு முந்தின தினம் ஒரு தனி வைத்தியர் நெஞ்சைப் படம் பிடிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்த காகிதம், இரண்டும் பரணில் இருந்து அகப்பட்டன. அவற்றைச் சேர்த்து மனு எழுதியாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை இரண்டு தோழர்கள் அம்மாளோடு கலெக்டர் கச்சேரிக்குப் போகின்றார்கள். இதே போலப் பையைத் தூக்கிக் கொண்டு அலைகின்றவர்கள் போத்தனூர், சுந்தராபுரம், வெள்ளலூர், செட்டிபாளையம் பக்கங்களில் இருந்தால் அதற்குள் நமது காரியாலயத்துக்கு வரவும். இறப்புச் சான்றிதழோடு, அந்த வாரத்தில் வாங்கிய எந்தச் சீட்டு இருந்தாலும் கிழிக்காமல் கொண்டு வரவும்.